ஒரே ஆர்டர் இரண்டு தடவை விழுவதை எங்கே நிறுத்துவது?

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஐஸ் கம்பெனி ஒன்றுக்கு ஆர்டர் எடுக்கும் வெப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறாராம். படகு எண், எத்தனை பார் ஐஸ், எத்தனை மணிக்கு எந்த ஜெட்டிக்கு வர வேண்டும், இவ்வளவுதான் ஃபார்ம். விசைப்படகுகள் கடலுக்குப் போகும் நாளுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் ஒரே ஆர்டர் இரண்டாக, சில சமயம் மூன்றாக விழுகிறது. "சப்மிட் பட்டனை ஒரு தடவை அழுத்தியதும் டிஸ்ஏபிள் செய்துவிட்டேன் அண்ணே, அப்படியும் நிற்கவில்லை. வேறு என்ன செய்வது?" என்பது அவர் கேள்வி.

தம்பி, பட்டனை டிஸ்ஏபிள் செய்தது நல்ல காரியம், அதை எடுத்துவிடாதீர்கள். ஆனால் ஆர்டர் போடுகிறவருக்கு 'நீங்கள் அழுத்தியது தெரிந்துவிட்டது, கொஞ்சம் பொறுங்கள்' என்று சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. இரட்டைப் பதிவை உறுதியாகத் தடுக்கக்கூடிய இடம் டேட்டாபேஸ்தான். அங்கே போவதற்கு முன்னால் எது 'ஒரே ஆர்டர்' என்பதை நீங்கள் முடிவு செய்திருக்க வேண்டும். இந்த இரண்டாவது விஷயம்தான் கஷ்டமானது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. பாம்பன் பக்கம் ஒரு கம்பெனிக்கு இதே மாதிரி பக்கம் நான் செய்து கொடுத்திருந்தேன். ஒரு சாயங்காலம் ஒரு படகுக்கு 40 பார் ஆர்டர் இரண்டு தடவை பதிவானது. முதல் வண்டி ஐஸை இறக்கிவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில் இரண்டாவது வண்டி வந்து நிற்கிறது. படகு டிரைவர் 'நான் ஒரு தடவைதான் போட்டேன்' என்கிறார், கணக்குப்பிள்ளை போனைக் காட்டி 'இதோ இரண்டு இருக்கிறதே' என்கிறார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை. அந்த 40 பாரையும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை, ஜெட்டியிலேயே உருகி ஓடியது. என் பக்கத்திலும் அப்போது பட்டன் டிஸ்ஏபிள் ஆகத்தான் செய்தது. அன்றைக்கு ராத்திரி லாகை, அதாவது வந்த ரிக்வெஸ்டையெல்லாம் சர்வர் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தபோதுதான் என்ன நடந்தது என்று புரிந்தது.

நம் கரையில் இரட்டைப் பதிவுக்குப் பெரிய காரணம் அவசரத்தில் இரண்டு தடவை அழுத்துவது இல்லை. சிக்னல்தான். டிரைவர் ஜெட்டியில் நின்று அழுத்துகிறார். ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போய்ச் சேருகிறது, ஆர்டர் பதிவாகிறது, ஆனால் பதில் திரும்பி வரும் வழியில் சிக்னல் போய்விடுகிறது. அவர் திரையில் தெரிவது 'இந்தப் பக்கத்தைத் திறக்க முடியவில்லை' என்பது மட்டும்தான். அவர் என்ன செய்வார்? பக்கத்தைத் திரும்பத் திறந்து, ஃபார்மை நிரப்பி, இன்னொரு தடவை அனுப்புவார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள், அதில் அவர் தப்பு எதுவும் கிடையாது. திரும்பத் திறந்த பக்கத்தில் பட்டன் புதுப் பட்டன், நீங்கள் போட்ட டிஸ்ஏபிள் அங்கே இல்லை. ரிக்வெஸ்ட் போகும் வழியில் தொலைந்ததா, பதில் வரும் வழியில் தொலைந்ததா என்பதை போனில் இருந்து கண்டுபிடிக்க எந்த வழியும் கிடையாது. இதை மனதில் பதித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்: பயனர் திரும்ப அனுப்பத்தான் செய்வார், அனுப்பினாலும் கேடு வராதபடி சர்வரை எழுதுவதுதான் நம் வேலை.

வேறு வழிகளும் உண்டு. ஆர்டர் போட்டு முடித்த பக்கத்தை அப்படியே விட்டுவிட்டு வாட்ஸ்அப் பார்த்துத் திரும்பி வரும்போது பிரவுசர் பக்கத்தைப் புதுப்பிக்கப் பார்க்கும், 'ஃபார்மை மீண்டும் அனுப்பவா' என்று கேட்கும், அதை யாரும் படிக்காமல் சரி என்று தட்டிவிடுவார்கள். அப்புறம் போனுக்கும் சர்வருக்கும் நடுவில் ரிக்வெஸ்டை வாங்கிக் கைமாற்றும் ப்ராக்ஸி. என்ஜின்எக்ஸ் அப்படி ஒரு ப்ராக்ஸி, அது ஒரு சர்வரில் பதில் வராவிட்டால் அதே ரிக்வெஸ்டை அடுத்த சர்வருக்கு அனுப்பக்கூடியது. 1.9.13 பதிப்பிலிருந்து ஃபார்மைச் சுமந்து வரும் போஸ்ட் வகை ரிக்வெஸ்டை அது தானாக அப்படித் திருப்பி அனுப்புவதில்லை, ஆனால் யாராவது கான்ஃபிகரேஷனில் 'non_idempotent' (திரும்பச் செய்தால் விளைவு மாறும் ரிக்வெஸ்ட்) என்ற சொல்லைச் சேர்த்திருந்தால் அனுப்பும். ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள்.

பட்டனைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலேயே மூன்று நான்கு குழிகள் இருக்கின்றன. டிஸ்ஏபிள் செய்வதைப் பட்டனின் கிளிக்கில் வைக்காதீர்கள், ஃபார்மின் சப்மிட் நிகழ்வில் வையுங்கள். கிளிக்கிலேயே அடைத்துவிட்டால் சில பிரவுசர்களில் ஃபார்ம் போகாமலே நின்றுவிடும், அதோடு எண் ஏதாவது காலியாக இருந்து பிரவுசர் ஃபார்மை நிறுத்தியிருந்தால் பட்டன் அடைபட்டே கிடக்கும். இன்னொன்று, டிஸ்ஏபிள் ஆன பட்டனின் பெயரும் மதிப்பும் சர்வருக்குப் போகாது. 'சேமி', 'அனுப்பு' என்று இரண்டு பட்டன் வைத்து எது அழுத்தப்பட்டது என்று சர்வரில் பார்க்கிறவர்கள் இதில் மாட்டுவார்கள், அவர்கள் அந்த மதிப்பை ஒரு மறைவு ஃபீல்டில் வைத்து அனுப்பலாம். மூன்றாவது, பின்னால் போனால் பிரவுசர் பழைய பக்கத்தை நினைவிலிருந்து அப்படியே எடுத்துக் காட்டும், பட்டன் அடைபட்ட நிலையிலேயே இருக்கும், ஆர்டர் போட வந்தவர் விழிப்பார். பக்கம் திரையில் வரும்போது எழும் 'பேஜ்ஷோ' நிகழ்வில், அது நினைவிலிருந்து வந்ததா என்பதைச் சொல்லும் 'பெர்சிஸ்டெட்' உண்மையா என்று பார்த்துப் பட்டனைத் திறந்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் பக்கத்தைப் புதுப்பித்த பிறகும் டிஸ்ஏபிள் நிலையை ஞாபகம் வைத்திருக்கும், அதற்கு ஆட்டோகம்ப்ளீட்டை ஆஃப் செய்ய வேண்டும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும், சிக்னல் மோசமான நேரத்தில் பக்கம் வந்து ஸ்கிரிப்ட் ஃபைல் வராமல் போனால் எந்தப் பாதுகாப்பும் இல்லை.

ஆர்டர் பதிவானதும் அதே ரிக்வெஸ்டுக்குப் பதிலாக எச்டிஎம்எல் அனுப்பாமல், 303 என்ற நிலை எண்ணோடு 'ஆர்டர் விவரப் பக்கத்துக்குப் போ' என்று திருப்பிவிடுங்கள். பிரவுசர் அந்தப் பக்கத்தை கெட் முறையில், அதாவது எதையும் பதியாமல் வெறுமனே படிக்கும் முறையில் எடுக்கும். பிறகு எத்தனை தடவை புதுப்பித்தாலும் ஆர்டர் விவரம்தான் வரும், ஆர்டர் போகாது. 307, 308 வேண்டாம், அவை போஸ்டை போஸ்டாகவே மறுபடி அனுப்பச் சொல்பவை. ஆனால் இந்த வழி, பதில் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் புதுப்பித்தலைத்தான் தடுக்கிறது. பதிலே வராமல் போனதற்கு இது மருந்தில்லை.

சரி, இப்போது முக்கியமான இடம். ஃபார்மை சர்வர் காட்டும்போதே யாராலும் ஊகிக்க முடியாத ஒரு எண்ணை, யூயூஐடி என்ற நீளமான தனி அடையாள எண் போதும், மறைவு ஃபீல்டில் வைத்து அனுப்புங்கள். இதை கீ என்று சொல்கிறேன். மீன்வளத் துறையில் படகுக்குத் தரும் டோக்கனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபார்ம் திரும்பி வரும்போது கீயும் வரும். அந்த கீயோடு ஏற்கெனவே ஆர்டர் இருந்தால் புதிதாகப் பதியக் கூடாது. வேறு தளத்திலிருந்து போலி ஃபார்ம் வருவதைத் தடுக்கும் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் ஏற்கெனவே இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. பல ஃபிரேம்வொர்க்கில் அது ஒருவர் பக்கத்தில் இருக்கும் ஒரு செஷன் முழுவதும் மாறாமல் இருக்கும். ஃபார்ம் உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்தது என்பதை அது சொல்லும், இது முதல் தடவையா என்பதைச் சொல்லாது.

இங்கே பலரும் எழுதுவது இப்படி: கீ டேபிளில் இருக்கிறதா என்று ஒரு செலெக்ட், இல்லை என்றால் ஒரு இன்சர்ட். பார்க்கச் சரியாகத் தெரியும், ஆனால் இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடைவெளியில் இரண்டு ரிக்வெஸ்ட் சேர்ந்து நுழைந்தால் இரண்டுமே 'இல்லை' என்ற பதிலைப் பெற்று இரண்டுமே எழுதிவிடும். பெரிய கல்யாணத்தில் இரண்டு மேசை போட்டு மொய் எழுதுவார்கள் அல்லவா, அப்பா ஒரு மேசையிலும் மகன் இன்னொரு மேசையிலும் ஒரே நேரத்தில் போய் ஒரே குடும்பத்துக்கு எழுதினால் இரண்டு பேருமே தன் நோட்டைப் புரட்டிப் பார்த்து இன்னும் எழுதவில்லை என்றுதான் சொல்வார்கள். நோட்டு ஒன்றாக இருந்தால்தான் தெரியும். அந்த ஒரே நோட்டுதான் யூனிக் இண்டெக்ஸ், ஒரே மதிப்பு இரண்டு தடவை விழ டேட்டாபேஸ் விடாது. ஆர்டர் டேபிளிலேயே கீக்கு ஒரு நெடுவரிசை வைத்து அதன்மேல் யூனிக் இண்டெக்ஸ் போடுங்கள். முதலில் பார்க்கவே பார்க்காதீர்கள், நேராக இன்சர்ட் செய்யுங்கள், இரண்டாவதாக வந்ததை டேட்டாபேஸே மறுத்துவிடும். உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் 23505 என்ற பிழை எண் வரும், மைசீக்வலில் 1062 வரும். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல் 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' இருக்கிறது, அதைப் பயன்படுத்தினால் பிழை இல்லாமலே தெரிந்துவிடும். முதல் ரிக்வெஸ்ட் இன்னும் முடியாமல் இருந்தால் இரண்டாவது அதற்காகக் காத்திருக்கும், முதல் ரிக்வெஸ்ட் தோற்றுப்போனால் இரண்டாவது பதிவாகும். நமக்கு வேண்டியதே அதுதான். மைசீக்வலில் 'இன்சர்ட் இக்னோர்' என்று ஒரு குறுக்கு வழி உண்டு. வேண்டாம், அது தவறான தேதி, நீளம் மீறிய எழுத்து போன்ற மற்றப் பிழைகளையும் எச்சரிக்கையாக மாற்றி விழுங்கிவிடும். 1062 மட்டும் பிடியுங்கள்.

கீயை ரெடிஸ் என்ற தனி வேகச் சேமிப்பில் வைத்து 'இல்லை என்றால் மட்டும் எழுது' என்று செய்வதும் உண்டு, வேகமும்கூட. நான் இந்த வேலைக்கு அதைச் சொல்லமாட்டேன். ரெடிஸில் கீ பதிவாகி, ஆர்டர் டேபிளில் எழுதுவதற்குள் சர்வர் விழுந்துவிட்டால் என்ன ஆகும்? டிரைவர் திரும்ப அனுப்புவார், 'இது ஏற்கெனவே வந்துவிட்டது' என்று சர்வர் சொல்லும், ஆர்டரோ எங்கேயும் இருக்காது. இரண்டு லோடு ஐஸ் வந்தால் பண நஷ்டம், ஐஸே வராவிட்டால் படகு அன்றைக்குக் கரையில் நிற்கும். கீயும் ஆர்டரும் டேபிளின் ஒரே வரிசையில், எல்லாம் சேர்ந்து பதிவாகும் அல்லது எதுவுமே பதிவாகாது என்ற ஒரே டிரான்சாக்ஷனில் இருந்தால் இந்தக் கவலையே இல்லை. எஸ்எம்எஸ் அனுப்புவதையும் இன்சர்ட் நடந்து கமிட் ஆகி, அதாவது பதிவு உறுதியான பிறகே வையுங்கள், அதுவும் புதிதாக வரிசை விழுந்தபோது மட்டும்.

அடுத்தது, பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். இரண்டாவதாக வந்த ரிக்வெஸ்டுக்கு என்ன பதில் சொல்வது? சிவப்பு எழுத்தில் 'நீங்கள் ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்கள்' என்று காட்டினால் படகுக்காரருக்கு அது 'ஆர்டர் போகவில்லை' என்றுதான் படும். அவர் புது ஃபார்ம் திறந்து புது கீயோடு இன்னொன்று போடுவார், அப்போது நீங்கள் கட்டிய அணை முழுவதும் வீண். முதல் ரிக்வெஸ்டுக்கு என்ன பதில் போயிருக்குமோ அதையே கொடுங்கள். அதே ஆர்டர் எண், அதே பச்சை எழுத்து, அதே 303. அவர் எத்தனை தடவை அனுப்பினாலும் 'உங்கள் ஆர்டர் எண் இது, 40 பார், காலை 4 மணி' என்று ஒரே பதில் வர வேண்டும். ஸ்ட்ரைப் போன்ற பேமெண்ட் நிறுவனங்கள் 'ஐடெம்பொடென்சி கீ' என்று ஹெடரில் வாங்கிச் செய்வதும் இதுதான், முதல் பதிலைச் சேமித்து வைத்து அதே கீ வந்தால் அதே பதிலைத் திருப்பித் தருகிறார்கள், அந்த கீயைக் குறைந்தது 24 மணி நேரம் வைத்திருக்கிறார்கள். நாளைக்கு உங்கள் பக்கத்தில் முன்பணம் வாங்க ஆரம்பித்தால் இதே கீயைப் பேமெண்ட் பக்கத்துக்கும் கொண்டுபோங்கள். பணம் வந்ததாக அவர்கள் உங்கள் சர்வருக்கு அனுப்பும் வெப்ஹூக் செய்தியை வாங்கும் பகுதியும், ஒரே செய்தி இரண்டு தடவை வரலாம் என்ற கணக்கிலேயே எழுதப்பட வேண்டும்.

ஆனால் ஒன்று கவனித்தீர்களா, நான் முதலில் சொன்ன கதையில் டிரைவர் பக்கத்தைத் திரும்பத் திறக்கிறார், அப்போது சர்வர் புது கீ கொடுத்துவிடுமே? ஆமாம். அதனால் கீயைச் சர்வர் ஒவ்வொரு தடவையும் புதிதாக உருவாக்குவதைவிட, உங்கள் மாதிரி இடத்துக்கு போனிலேயே உருவாக்குவது நல்லது. ஃபார்மை நிரப்ப ஆரம்பித்ததும் 'கிரிப்டோ ரேண்டம்யூயூஐடி' மூலம் கீயை உண்டாக்கி, நிரப்பிய விவரங்களோடு சேர்த்து அந்த போனின் பிரவுசரிலேயே இருக்கும் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்துவிடுங்கள். எச்டிடிபிஎஸ் இருந்தால்தான் அந்த ஃபங்ஷன் கிடைக்கும். பக்கம் திரும்பத் திறந்தால் பழைய விவரமும் பழைய கீயும் அப்படியே வர வேண்டும், 'இந்த ஆர்டரின் பதில் இன்னும் வரவில்லை, மீண்டும் அனுப்பிப் பார்க்கவா' என்று கேட்க வேண்டும். சர்வரிலிருந்து ஆர்டர் எண் வந்து சேர்ந்த பிறகே அந்த கீயை அழிக்க வேண்டும். அழுத்தும்போதெல்லாம் புது கீ உருவாக்கும் புரோகிராமை நான் பல இடத்தில் பார்த்திருக்கிறேன், அது இருந்தும் இல்லாததும் ஒன்று. ஸ்கிரிப்ட் வராத போனுக்காகச் சர்வர் கொடுத்த கீ மறைவு ஃபீல்டில் இருக்கட்டும், ஆனால் அப்படி என்றால் ஃபார்ம் பக்கத்துக்கு, நகல் வைக்காதே என்று சொல்லும் 'நோ ஸ்டோர்' ஹெடர் கட்டாயம். இல்லாவிட்டால் நடுவில் பக்கங்களை நகல் எடுத்து வைத்திருக்கும் கேஷ் ஒரே பக்கத்தைப் பத்துப் பேருக்குக் கொடுக்கும், பத்துப் பேருக்கும் ஒரே கீ, முதல் ஆளின் ஆர்டர் மட்டும் பதிவாகி மற்ற ஒன்பது பேருக்கும் அவருடைய ஆர்டர் எண் போகும். இதற்குக் காப்பாக யூனிக் இண்டெக்ஸைக் கீயின்மேல் மட்டும் போடாமல், லாகின் எண்ணும் கீயும் சேர்ந்த ஜோடியின்மேல் போடுங்கள்.

அதே கீ வருகிறது, ஆனால் உள்ளே 40 பாருக்குப் பதில் 60 பார் என்று இருந்தால்? பின்னால் போய் எண்ணை மாற்றி அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். சத்தமில்லாமல் பழைய பதிலைக் கொடுத்துவிட்டால் அவர் 60 வரும் என்று நம்பிக் காத்திருப்பார். 'ஏற்கெனவே 40 பார் பதிவாகியிருக்கிறது, 60 ஆக மாற்றவா, இன்னும் 60 தனியாக வேண்டுமா' என்று கேளுங்கள். ஏபிஐ, அதாவது வேறு புரோகிராம்கள் அழைக்கும் வழி எழுதுகிறவர்களுக்கு இதற்கு இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் வரைவில் 422 என்ற நிலை எண் சொல்லியிருக்கிறார்கள், முதல் ரிக்வெஸ்ட் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் 409.

இப்போது முதலில் ஒத்திவைத்த விஷயம். கீ எல்லாம் வேண்டாம், படகு எண், தேதி, பார் எண்ணிக்கை மூன்றும் ஒன்றாக இருந்தால் அது இரட்டைப் பதிவுதானே, அதன்மேலேயே யூனிக் போட்டுவிடலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மீன்வளத் துறையின் டோக்கனுக்கு அது பொருந்தும், ஒரு படகு ஒரு தடவை கடலுக்குப் போக ஒரு டோக்கன்தான், இரண்டாவது என்று ஒன்று இருக்கவே முடியாது. ஐஸ் அப்படி இல்லை. சாயங்காலம் 20 பார் வாங்கியவர் புறப்பாடு தள்ளிப்போனதால் உருகிவிட்டது என்று ராத்திரி இன்னொரு 20 கேட்பார். அது நிஜமான ஆர்டர். அதை இரட்டைப் பதிவு என்று தள்ளினால் நீங்கள் செய்தது பாதுகாப்பு இல்லை, நஷ்டம். மறுபக்கம், படகு டிரைவர் ஒரு 40 போடுவார், அது தெரியாமல் படகு முதலாளியான சம்மாட்டி வீட்டிலிருந்து இன்னொரு 40 போடுவார். இரண்டு போன், இரண்டு லாகின், இரண்டு கீ. டெக்னிக்கலாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஆர்டர், உண்மையில் ஒன்றே. எந்த இண்டெக்ஸும் இதைப் பிடிக்காது. ஆட்களைக் கேட்டால்தான் தெரியும். அதனால் ஒரே படகுக்குச் சில மணி நேரத்துக்குள் இன்னொரு ஆர்டர் வந்தால் தடுக்காதீர்கள், கேளுங்கள்: 'இந்தப் படகுக்கு மாலை 6.10க்கு டிரைவர் போனிலிருந்து 40 பார் வந்திருக்கிறது. இது கூடுதலா, அதே ஆர்டரா?' எத்தனை மணி நேரம் என்பதை நீங்களாக முடிவு செய்யாமல் கணக்குப்பிள்ளையோடு ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, அவர் போனில் ஆர்டர் வாங்கிய காலத்தில் எப்போதெல்லாம் திரும்பக் கேட்டு உறுதி செய்தார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவர் சொன்ன அரைமணி நேரப் பேச்சு, நான் ஒரு வாரம் எழுதிய புரோகிராமைவிட உபயோகமாக இருந்தது.

சோதனை செய்யும்போது ஒரு ஏமாற்று உண்டு. பிஎச்பியில் செஷன் ஃபைலில் இருந்தால், ஒரு ரிக்வெஸ்ட் செஷனைத் திறந்து வைத்திருக்கும் வரை அதே செஷனின் அடுத்த ரிக்வெஸ்ட் வரிசையில் நிற்கும். அதனால் செலெக்ட் செய்துவிட்டு இன்சர்ட் செய்யும் புரோகிராமும் உங்கள் கம்ப்யூட்டரில் அழகாக வேலை செய்யும். பிறகு செஷனை ரெடிஸுக்கு மாற்றினால், அங்கே இப்படிக் காத்திருக்க வைக்கும் பூட்டு வழக்கமாக ஆஃபில்தான் இருக்கும், அன்றைக்கு எல்லாம் வெளியே வரும். கையால் இரண்டு தடவை தட்டிப் பார்ப்பது சோதனை ஆகாது. ஒரே கீயோடு 20 ரிக்வெஸ்டை ஒரே நொடியில் கர்ல் என்ற கமாண்ட் வைத்து அனுப்புங்கள். டேபிளில் ஒரே வரிசை இருக்க வேண்டும், 20 பதிலிலும் ஒரே ஆர்டர் எண் இருக்க வேண்டும். அப்புறம் போனில் ஃபார்மை அனுப்பிய அடுத்த நொடி ஏரோபிளேன் மோடில் போட்டு, எடுத்து, திரும்ப அனுப்பிப் பாருங்கள். ஜெட்டியில் நடப்பது அதுதான்.

பழைய டேபிளில் ஏற்கெனவே இரட்டைப் பதிவுகள் கிடக்கின்றனவே, யூனிக் இண்டெக்ஸ் ஏறுமா என்று பயப்பட வேண்டாம். கீ என்பது புது நெடுவரிசை, பழைய வரிசைகளில் அது 'நல்' (NULL), அதாவது மதிப்பே இல்லாமல் இருக்கும், போஸ்ட்கிரெஸும் மைசீக்வலும் யூனிக் இண்டெக்ஸில் எத்தனை 'நல்' இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும் போஸ்ட்கிரெஸ் டேபிள் என்றால் 'கன்கரென்ட்லி' சேர்த்து இண்டெக்ஸ் போடுங்கள், ஆர்டர் வருவது நிற்காது.

மாற்றத்தை ஏற்றுவதற்கு மீன்பிடித் தடைக்காலத்தைவிட நல்ல நேரம் கிடையாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான் இருக்கும், நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்டர் வந்துகொண்டிருக்கும், புது புரோகிராம் நிஜ ஆட்களிடம் எப்படி ஓடுகிறது என்று பதறாமல் பார்க்கலாம். ஒரே கீ இரண்டாவது தடவை வரும்போதெல்லாம் லாகில் ஒரு வரி எழுதச் செய்யுங்கள், எந்தப் படகு, எத்தனை மணி, முதல் ரிக்வெஸ்டுக்கும் இதற்கும் எத்தனை விநாடி. ஜூன் 14 சாயங்காலம் எல்லாப் படகும் ஒன்றாக ஆர்டர் போடும்போது அந்த லாகைத் திறந்து வைத்துக்கொண்டு கணக்குப்பிள்ளை பக்கத்திலேயே உட்காருங்கள். விநாடிகள் ஒன்றுக்குள் இருந்தால் அது விரல், பட்டனைப் பாருங்கள். இருபது முப்பது என்று இருந்தால் அது சிக்னல், உங்கள் கீ வேலை செய்துகொண்டிருக்கிறது.